தடையில்லாச் சான்று

சித்தூரிலிருந்து காட்பாடி ஒரு மணி நேரம்.
கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடியில்
பேருந்து மூச்சு வாங்கக்கூட நிற்பதில்லை.
தக்காளி லாரிக்குத்தான் அங்கே தாமதம்.
சீர்வரிசைப் பாத்திரங்களோடு நானும் கடந்துவிட்டேன்.
என் பதிவு எண் மட்டும்
பின்னால் எங்கோ வரிசையில் நிற்கிறது,
எட்டு மாதமாக.

விஜயவாடாவில் ஒரு மேசை, சென்னையில் ஒரு மேசை.
இது அதைக் கேட்கிறது:
இவள் அங்கே படித்தது உண்மையா?
அது இதைக் கேட்கிறது:
எந்தத் தபாலில் கேட்டீர்கள்?
நடுவில் நான்,
அவசரப் பிரிவில் ஆறு வருஷம் இராப்பணி பார்த்தவள்,
காட்பாடி தபால் நிலையத்தில்
கோந்து ஒட்டிய விரலோடு.

போன மாத ஆட்சேபம் பெயரைப் பற்றியது.
அங்கே வீட்டுப்பெயர் முன்னால் வரும்.
இங்கே அப்பா ஓர் எழுத்தாய்ச் சுருங்குவார்,
கல்யாணமானால் அந்த எழுத்தும் மாறும்.
கொத்தபல்லி பத்மலதா, மு. பத்மலதா, எ. பத்மலதா
மூவரும் ஒருத்தியே என்று
நோட்டரி முன்னால் உறுதி கொடுத்தேன்.
இருநூறு ரூபாய்.
மூவரில் ஒருத்திக்காவது வேலை கிடைக்குமா
என்றார் எத்திராஜ்.
சிரித்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
போலிச் சான்றிதழோடு வந்த ஒருத்தியை
எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.
பொட்டாசியத்தை நேராக நரம்பில் ஏற்றப் போனாள்,
கையைப் பிடித்து நிறுத்தியவள் நான்.
கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும்.
ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வர
எட்டு மாதம் என்றால்
காய்ச்சல் எத்தனை நாள் பொறுக்கும்?

சத்துவாச்சாரி நர்சிங் ஹோமில் இப்போது
நான் உதவியாளர்.
படுக்கை விரிப்பேன், பெட்பேன் எடுப்பேன்.
நோயாளியைத் தொடலாம், ஊசியைத் தொடக்கூடாது.
பார்க்கலாம், எழுதக்கூடாது.
ஒன்பதாயிரம் சம்பளம்,
பாசிப்பச்சையில் ஒரு மேலங்கி.

செவ்வாய் இரவு பரதராமியிலிருந்து ஒரு குழந்தை.
வயிற்றுப்போக்கு. கண் குழிந்து,
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.
ஜெபக்கனி போன வருஷம் தேறியவள்,
புத்தம்புதுப் பதிவு எண்.
இரண்டு தடவை குத்தினாள், கிடைக்கவில்லை.
மூன்றாவதுக்குக் கை நடுங்கியது.
தாய் தெலுங்கில் முணுமுணுத்தது
எனக்கு மட்டும் புரிந்தது:
குத்துவதானால் என்னைக் குத்துங்கள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.
கை கழுவினேன், முழங்கை வரை.
எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.
கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் முன்னால்
சுட்டுவிரலை வைத்தேன்.
இங்கே. சாய்த்துப் போ. அவசரப்படாதே.
ஊசியை நான் தொடவில்லை.
விரலுக்கு எந்தக் கவுன்சிலிலும் பதிவில்லை.

ஒரு துளி இரத்தம்
பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.

காலையில் கேஸ் ஷீட்டில் ஜெபக்கனியின் கையெழுத்து.
முறைப்படி அதுதான் சரி.
டீ வாங்கி வந்தாள், இரண்டு பன்னோடு.
எதுவும் சொல்லவில்லை.
நானும்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலாற்றுப் பாலம்.
கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் நடந்து,
இங்கே வரவேண்டிய ஆறு.
மணலும் சீமைக்கருவேலமும் வந்திருக்கின்றன.
தண்ணீரை மேலே எங்கோ
இன்னும் சரிபார்க்கிறார்கள் போல.

போனில் ஒரு குறுஞ்செய்தி.
விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.
பிறப்புச் சான்றிதழைத்
தெலுங்கிலிருந்து மொழிபெயர்த்து,
சான்றொப்பத்துடன் அனுப்பவும்.

பிறந்ததைக்கூடவா என்று கேட்டுக்கொண்டே
அக்கரையில்
ஜெராக்ஸ் கடை திறந்துவிட்டதா
என்று பார்க்கிறேன்.